இது யாருடைய வீடு

விஹிகா,
செப்டம்பர் 8

அன்பு மகள் மினாயோவுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக என்னை மன்னித்துக்கொள். வரிகள் மழை நாளில் மாடு நடந்த தடம் மாதிரி மேலும் கீழுமாகப் போகின்றன. சில எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்கும் சில கொசு அளவுக்கும் இருக்கின்றன. ஆனால் இதை வேறு யாரும் எழுதித் தரவில்லை. எழுதுவது உன் அப்பா கிடுலாதான். எழுபத்தோரு வயதில்.

நீ சுகமா? மருமகன் ஹெஸ்பான் சுகமா? என் கிழவி சுகமா? ஆறு வயதுக் குழந்தையைக் கிழவி என்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. உன் அம்மாவின் பெயரை அவளுக்கு வைத்தது நீதான். இமாலி என்று கூப்பிட்டால் எனக்கு உன் அம்மாவே திரும்பிப் பார்ப்பது போல இருக்கிறது.

செவ்வாயும் வியாழனும் சர்ச்சில் முதியோர் வகுப்பு நடக்கிறது. டீச்சர் விஹெண்டா உன்னைவிடச் சின்னவள். பதினோரு பேர் படிக்கிறோம். பக்கத்துத் தோட்டத்து அகுஃபாவும் வருகிறான். எனக்குப் பிறகுதான் அவன் தன் பெயரை எழுதினான் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ, "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வர மூன்று வாரம் ஆகிறது. கடிதம் என்றால் நீ வரும்வரை மேசையில் காத்திருக்கும்.

இதை எழுத நான்கு நாள் ஆனது. மஜெங்கோ பஸ் நிலையத்தில் வாழைத்தாரோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் அப்பா,
கிடுலா

---

நைவாஷா,
செப்டம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தைக் குளிரறையில் நின்றபடியே படித்தேன். வெளியே வந்து படித்திருக்கலாம், தோன்றவில்லை. ரோஜாக் கட்டுகளுக்கு நடுவே விரல் மரத்துப்போகும்வரை நின்று இரண்டு தடவை படித்தேன். "மேடம், எண்ணிக்கை சரியா இல்லையா?" என்று பெண்கள் பயந்துபோய்க் கேட்டார்கள்.

ஆகஸ்டிலிருந்து பூப்பண்ணை முழுவதற்கும் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். இப்போதைக்குப் பொறுப்பு மட்டும்தான். மார்ச்சில் என் வேலையை மதிப்பிட்டு, பதவி எனக்கா இல்லையா என்று முடிவு செய்வார்கள். நானூறு பேர் என் கையின் கீழ் இருக்கிறார்கள். இந்தப் பண்ணையில் இதற்கு முன் ஒரு பெண் இந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

வீட்டு வேலைக்கு வந்த பெண் போன வாரம் நின்றுவிட்டாள். இந்த வருடத்தில் மூன்றாவது ஆள். பள்ளி விட்டதும் இமாலியை யாரிடம் விடுவது என்பதே தினமும் காலையில் முதல் கவலை.

அப்பா, உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனில் சொல்ல முடியவில்லை. நீங்களே படிக்கிறீர்கள் என்பதால் இனி எழுதலாம் என்று நினைக்கிறேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மினாயோ

---

விஹிகா,
அக்டோபர் 10

அன்பு மகளுக்கு,

முழங்கால் பரவாயில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து அதற்கும் ஒரு துள்ளல் வந்திருக்கிறது.

உன் கடிதத்தை வகுப்பில் எழுந்து நின்று வாசித்தேன். ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். டீச்சர் கரும்பலகையை விட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். நானூறு பேர் என்ற இடம் வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

அகுஃபா வழக்கம் போல வாயைத் திறந்தான். "நானூறு பேரை அவ மேய்ச்சா, ஹெஸ்பானுக்கு உகாலிக் களி கிண்டிப் போடறது யாரு?"

எங்களோடு படிக்கும் ஜெரிடா விடவில்லை. "உனக்கு அம்பது வருசமாக் கிண்டிப் போட்டாளே உன் பொண்டாட்டி, அவளுக்கு எத்தனை பேர் கை தட்டினாங்க?"

நானும் சொன்னேன்: "என் மருமவன் தங்கமான ஆளு. என் பொண்ணு வேலையும் பாப்பா, வீட்டையும் பாப்பா. ரெண்டுலயும் ஒரு குறை வைக்க மாட்டா." மறுபடியும் கை தட்டினார்கள்.

நீ சொல்லப்போகும் விஷயத்துக்காக வகுப்பே காத்திருக்கிறது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கிறது என்கிறாள் ஜெரிடா. கார் வாங்கியிருப்பாய் என்கிறான் அகுஃபா. சீக்கிரம் எழுது, அடுத்த வாரம் நான்தான் வாசிக்க வேண்டும்.

மருமகனுக்கு என் வணக்கம் சொல்.

உன் அப்பா

---

நைவாஷா,
நவம்பர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் வகுப்பில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

சொல்ல வேண்டிய விஷயம் என்று எழுதியிருந்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் புது சோபா வாங்கியிருக்கிறோம். பழுப்பு நிறம்.

இமாலி நன்றாகப் படிக்கிறாள். வேலை நன்றாகப் போகிறது. டீச்சருக்கும் ஜெரிடா அத்தைக்கும் என் வணக்கம்.

மினாயோ

---

விஹிகா,
நவம்பர் 21

அன்பு மகளுக்கு,

சுகம்தானே? இங்கே தினமும் மதியத்தில் மழை. வீடு ஒழுகவில்லை.

சோபா விஷயத்தில் வகுப்புக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "சோபாவுக்கா இத்தனை நாள் காக்க வெச்சா?" என்று ஜெரிடா என்னைப் பிடித்துக்கொண்டாள். வாங்கியிருக்கிறோம் என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல்லை மட்டும் வீட்டுக்கு வந்து மறுபடி படித்துப் பார்த்தேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. புதிதாகப் படிக்கிறவன் ஒரே சொல்லில் நெடுநேரம் நின்றுவிடுகிறேன்.

இமாலியைப் பள்ளி விட்டதும் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நீ எழுதவில்லை. நான் வந்து பார்த்துக்கொள்வேன். எனக்கு இங்கே ஒரு பசுவும் ஒரு தட்டும்தான். ஒரு தட்டைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மருமகன் வீட்டில் மாமனார் இரவு தங்கக் கூடாது. இமாலி பிறந்தபோதும் வந்து, டீயைக் குடித்துவிட்டு, சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பினேன், உனக்கு நினைவிருக்கும். நான் தங்கினால் ஹெஸ்பானின் ஆட்கள் நம்மைப் பற்றி என்ன பேசுவார்கள்?

கிறிஸ்துமஸுக்கு மூவரும் வாருங்கள். நீ முகம் சுளிக்கும் அந்தக் கசப்புக் கீரையைச் சமைக்க மாட்டேன்.

உன் அப்பா

---

நைவாஷா,
ஜனவரி 6

அன்பு தாத்தா,

நான் நலம். நீ நலமா.

நானும் எழுதப் படிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்கு லீவு இல்லை. பூ நிறைய.

ஸ்கூல் விட்டதும் எங்கள் வீட்டு கேட்டில் எகிரு தாத்தாவோடு உட்கார்ந்திருப்பேன். அவர் வாட்ச்மேன். ஒட்டகம் பற்றிச் சொல்வார். இருட்டினதும் அவர் கம்பளியை எனக்குக் கொடுப்பார். அம்மா கார் வரும்போது நான் தூங்கியிருப்பேன். காலையில் கட்டிலில் இருப்பேன்.

உனக்கு ஒட்டகம் தெரியுமா. நீ வா.

இமாலி

இந்தக் கடிதத்தை எகிரு தாத்தா பஸ்ஸில் கொடுப்பார். அம்மாவுக்குத் தெரியாது.

---

விஹிகா,
ஜனவரி 12

அன்பு மகள் மினாயோவுக்கு,

நலம் விசாரித்துப் பக்கத்தை நிரப்பப் போவதில்லை. நான் வருகிறேன். சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். பசுவை அகுஃபா பார்த்துக்கொள்வான்.

உன் வாட்ச்மேனின் குடிசையில் படுத்துக்கொள்கிறேன். பகலில் வீட்டுக்குள் வந்து சமைப்பேன், இமாலியோடு இருப்பேன். நீ வந்ததும் கேட்டுக்குப் போய்விடுவேன். மருமகனின் கூரைக்குக் கீழே நான் தூங்கவில்லை. யாருக்கும் பேச இடமில்லை.

இமாலியைத் திட்டாதே. அவள் எழுதியதை நான் வகுப்பில் வாசிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

உன் அப்பா

---

நைவாஷா, கேட் குடிசை,
ஜனவரி 31

அன்பு மகளுக்கு,

சுகமா என்று உன்னைக் கேட்க வேண்டியதில்லை, உன் வீட்டு விளக்கு எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் கேட்கிறேன். சுகமா?

உன் வாசலிலிருந்து இந்தக் குடிசைக்கு முப்பத்திரண்டு தப்படி. விஹிகாவிலிருந்து அனுப்பினால் கடிதம் உன்னிடம் வர மூன்று நாள் ஆனது. இதைச் சர்க்கரை டப்பாவுக்குக் கீழே வைக்கிறேன், நீ எப்போது பார்ப்பாய் என்று தெரியாது.

நேற்று நாம் பேசியதை எண்ணினேன். "சாப்பிட்டியா?" என்றேன். "ஆச்சுப்பா. நீங்க தூங்குங்க. இமாலி அழுதாளா?" என்றாய். "இல்ல" என்றேன். ஏழு சொற்கள். அதில் என்னுடையவை இரண்டே. நீ நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இமாலி என்னைவிட வேகமாக எழுதுகிறாள். சாயங்காலம் சமையலறை மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து எழுதுகிறோம். "தாத்தா, நாக்கை உள்ள வை. நாக்கை நீட்டிக்கிட்டு எழுதக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க" என்கிறாள்.

எகிரு வடக்குப் பாலைவனத்துத் துர்கானாக்காரன், கிண்டலுக்குக் குறைவில்லை. "கிழவா, இந்தக் குடிசையும் கம்பெனிது, அந்த வீடும் கம்பெனிது. இங்க படுத்தா மானம் இருக்கு, அங்க படுத்தாப் போயிடுமா?" என்றான்.

"அங்க என் மருமவன் கட்டில் இருக்குய்யா" என்றேன்.

அவன் எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளினான். சிரிக்கிற ஆள் சிரிக்காமல் போனதை நான் கவனித்தேன்.

துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். உன்னுடையது, குழந்தையுடையது. மருமகன் வெளியூரில் இருக்கிறார் போலும். நான் கேட்கவில்லை.

உன் அப்பா

---

பிப்ரவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

காகிதம் கிடைக்கவில்லை, பூப்பெட்டி அட்டையின் பின்பக்கம் எழுதுகிறேன். நீங்கள் நலம்தான், எகிரு சொன்னார்.

பதினான்காம் தேதிக்கான கடைசி லாரி விமான நிலையத்துக்குப் போய்விட்டது. உலகத்தில் எல்லோரும் அன்று ஒரே நாளில் பூக் கொடுப்பார்களாம். மூன்று வாரமாக நான் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நீங்கள் மூடி வைத்த தட்டை நின்றபடியே சாப்பிட்டிருக்கிறேன். ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை.

நவம்பரில் இயக்குநர் என் இடைக்கால மதிப்பீட்டுத் தாளில் வேலைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்தார். நேரம் கொடுத்து உழைப்பதற்கு ஐந்துக்கு இரண்டு. இமாலிக்குக் காய்ச்சல் என்று ஒரே ஒரு நாள் நான்கு மணிக்குக் கிளம்பினேன். எனக்கு முன்னால் இருந்தவர் கால்பந்துக்காக வாரம் ஒரு நாள் மூன்று மணிக்கே போவார். அது எந்தத் தாளிலும் இல்லை. நீங்கள் வந்த பிறகு நான் ஒரு நாளும் சீக்கிரம் கிளம்பவில்லை. அந்த இரண்டு ஐந்தாகிவிடும். அதை நினைத்தால் சந்தோஷமாகவும் இல்லை.

செவ்வாய் இரவு நீங்கள் குடிசைக்குப் போகும் வழியில் நீர்யானை நின்றதாமே. ஏரியிலிருந்து அவை புல்வெளிக்கு மேய வருகின்றன, ஆளைக் கொன்றுவிடும். உள் அறையில் ஒரு கட்டில் இருக்கிறது. தயவுசெய்து உள்ளே வந்து படுங்கள்.

மினாயோ

---

கேட் குடிசை,
பிப்ரவரி 19

அன்பு மகளுக்கு,

நான் நலம். நீர்யானையும் நலம். இருபதாவது தப்படியில் நின்றது. நான் பத்தொன்பதாவதில் நின்றேன். அது புல்லைத் தின்றது, நான் உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன். பிறகு அது போய்விட்டது.

உள்ளே வந்து படு என்கிறாய். ஒன்றைச் சொல், அதன்படி செய்கிறேன். இது யாருடைய வீடு? ஹெஸ்பானின் வீடு என்றால் நான் கேட்டிலேயே இருப்பேன், எத்தனை நீர்யானை வந்தாலும். வேறு மாதிரி என்றால் அதை எழுது.

செப்டம்பரில் ஒரு விஷயம் சொல்ல வந்தாய். நான் அதைப் பதினோரு பேருக்கு முன்னால் வாசிப்பதாக எழுதினேன். சோபா வந்தது. அந்தச் சோபாவை இங்கே வந்து தேடினேன், மகளே. பழுப்பு நிறத்தில் எதுவும் இல்லை. எழுதத் தெரிந்த சந்தோஷத்தில், கடிதம் ஒருவருக்கு மட்டும் எழுதுவது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இனி வாசிக்க மாட்டேன். எகிருவுக்குப் படிக்கத் தெரியாது. அவன் கேட்கவும் மாட்டான்.

உன் அப்பா

---

மார்ச் 4

அப்பா,

உங்கள் கடிதத்தைப் பதின்மூன்று நாள் கைப்பையில் வைத்திருந்தேன். நலமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை, தினமும் எதிரில் பார்த்துக்கொண்டே கேட்காமல் இருந்திருக்கிறேன்.

இது என் வீடு. என் பெயருக்குக் கம்பெனி கொடுத்தது. ஹெஸ்பான் போன வருடத்துக்கு முந்தைய வருடம் மே மாதம் போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. அவர் நண்பர்கள், "மேடம் இன்னிக்கு உனக்கு லீவு குடுத்தாங்களா?" என்று கேட்பார்களாம். முதலில் அதை எனக்குச் சொல்லிச் சிரிப்பார். பிறகு சொல்வதை நிறுத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டைகளைப் பெட்டியில் அடுக்கினார். ஊருக்குப் போகிறார் என்று நினைத்து நானே இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

உங்களிடம் சொல்ல வந்தேன். இரண்டிலும் குறை வைக்க மாட்டாள் என்று நீங்கள் சொல்ல, அவர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பண்ணையிலும் யாருக்கும் தெரியாது, எகிருவைத் தவிர. வீட்டில் ஆள் இல்லாதவள், குழந்தையோடு தனியாக இருப்பவள் என்றால் இந்தப் பொறுப்பைத் தரமாட்டார்கள். அதனால் படிவங்களில் இன்னும் ஹெஸ்பான் பெயரைத்தான் எழுதுகிறேன். விருந்துக்குக் கூப்பிட்டால் அவர் எல்டோரெட்டில் வேலையாக இருக்கிறார் என்பேன். இரண்டு வருடமாக ஒருவரிடமும் உண்மையாகப் பேசவில்லை அப்பா. நானூறு பேருக்கு நடுவில்.

நாளை மறுநாள் மதிப்பீடு. உள்ளே வந்து படுங்கள்.

மினாயோ

---

உள் அறை,
மார்ச் 9

அன்பு மகள் மினாயோவுக்கு,

நான் சுகம். கட்டில் கொஞ்சம் உயரம், கால் தரையைத் தேடுகிறது. பழகிவிடும். இமாலியும் சுகம்.

பதவி உனக்கு உறுதியான செய்தியை நீ சொல்வதற்கு முன்பே தெரிந்துகொண்டேன். லாரி டிரைவர் எகிருவிடம் சொன்னான், எகிரு ஜன்னலில் வந்து என்னிடம் சொன்னான். "கிழவா, உன் பொண்ணு ஜெயிச்சுட்டா. இனிமே இன்னும் லேட்டாத்தான் வருவா." அவன் சொன்னது சரி. அன்றும் நீ அதே நேரத்துக்குத்தான் வந்தாய். இப்போது இங்கிலாந்தில் அம்மாக்களுக்குப் பூக் கொடுக்கும் நாள் வருகிறதாம். இமாலியும் பள்ளியில் ஒரு பூ வரைந்தாள். உனக்குத்தான். மூன்று நாளாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. கீழே இருக்கிறது, நீ குனிந்து பார்க்க வேண்டும்.

நேற்று இரவு நீ என் அறை வாசலில் வந்து நெடுநேரம் நின்றாய். நான் தூங்கவில்லை. கண்ணைத் திறந்தால் நீ மன்னிப்புக் கேட்பாய் என்று மூடியே வைத்திருந்தேன். காலையில் யோசித்தால் திறந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. உன் அம்மா போன பிறகு என் வாசலில் யாரும் வந்து நின்றதில்லை. அதை விஹிகாவிலிருந்து எழுதிய எந்தக் கடிதத்திலும் நான் எழுதவில்லை. நீ மட்டுமா மறைத்தாய்?

ஹெஸ்பானைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். அகுஃபா கேட்டால், என் மகள் வீட்டில் தூங்குகிறேன் என்பேன். அவன் அதை வகுப்பில் எழுந்து நின்று சொல்லட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் உட்கார்ந்து சாப்பிடு. மூன்று தட்டு வைப்பேன். நீ வராவிட்டாலும் வைப்பேன், கோபத்தில் இல்லை.

என் செருப்பை வாசலில் உன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இத்தனை நாள் குடிசையில் விட்டிருந்தேன். இருட்டில் தடுக்கி விழாதே.

இப்போது நமக்கு நடுவில் ஒரு சுவர்தான். இருந்தாலும் நீ வரும்போது நான் தூங்கியிருப்பேன், நான் எழும்போது நீ போயிருப்பாய். அதனால் இதையும் சர்க்கரை டப்பாவுக்குக் கீழேதான் வைக்கிறேன். அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் என் வரிகள் கொஞ்சம் நேராகியிருக்கும்.

உன் அப்பா,
கிடுலா